திருப்பித் தைத்த கோட்டுகள்

அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா என்பதை இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. தபால்காரன் சொட்டச் சொட்ட நனைந்து வந்தான் என்கிறார் ஒருவர். இல்லை, அவன் காலெல்லாம் புழுதி என்கிறார் இன்னொருவர். சண்டைக் காலத்து ஞாபகங்களே அப்படித்தான். மூட்டையில் திணித்த துணிபோல எது மேலே எது கீழே என்று தெரியாமல் கிடக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

தையல்கடை மருமகள் அப்போது ஒரு கம்பளிப் போர்வையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பட்டாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் அவளும் மாமனாரும்தான். மாமனார் ஒரு காலத்தில் ஊருக்கே கோட்டு வெட்டியவர். இப்போது கை நடுக்கம். சாக்கட்டியால் கோடு போட்டால் அது பாம்புபோலப் போகும். கடையின் பின்னால் ஒரு சமையலறை, மேலே இரண்டு படுக்கையறை. அவ்வளவுதான் வீடு.

கதவைத் தட்டினார்கள். திறந்தால் நெடுநெடுவென்று ஒருவன் நின்றான். சாம்பல் நிற ஆஸ்பத்திரி அங்கி, தோளில் காலிச் சாக்கு. பின்னால் அதே அங்கியில் மூன்று பெண்கள்.

"தையல்கடை. தண்ணித் தொட்டிக்கு எதிர்ப்பக்கம். பச்சைக் கதவு. விலாசம் சரியா?" என்றான்.

"சரிதான். நீங்க யாரு?"

"கதவு பச்சையா இல்லையே."

"பெயின்ட் உதிர்ந்துபோச்சு. முன்னாடி பச்சைதான்."

"அப்ப சரி." அவன் திரும்பி ஒருத்தியைப் பார்த்து, "இது உன்னோடது. உள்ள போ" என்றான்.

வந்தவளை மருமகள் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. நாத்தனார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்த முகம். இவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே நாத்தனார் அங்கேதான் இருந்தாள்.

"பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான் நெட்டையன்.

"எதுல போடறது?"

அவன் யோசித்தான். பிறகு உள்ளங்கையை நீட்டினான். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"பெத்ததும் நான்தான், கொண்டுபோய் விட்டதும் நான்தான். அவ எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"வீட்ல யாராவது ஒருத்தர் போட்டாப் போதும் பெரியவரே."

மருமகள் விரலால் அவன் உள்ளங்கையில் ஏதோ கிறுக்கினாள். அவன் கையை மூடிக்கொண்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்தாள். நாத்தனார் தோலை ஒரே சுருளாக, அறுபடாமல் உரித்தாள். மாமனார் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதையும் மருமகளிடம்தான் சொன்னார்.

"எப்படி விட்டாங்கன்னு அவகிட்டக் கேளு."

"பெரிய டாக்டர் வாசல்ல நின்னு, எல்லாரும் போகலாம்னு சொன்னார்" என்றாள் நாத்தனார். "நாங்க போய்ப் படுத்துக்கிட்டோம்."

"எங்க?"

"கட்டில்ல. அவர் தினம் காலையில அதைத்தான் சொல்வார் அண்ணி. ரெண்டு கேள்வி கேப்பார். அப்புறம், சரி போகலாம்னுவார். போகலாம்னா கட்டிலுக்குப் போகலாம்னு அர்த்தம். நாங்களும் போனோம். அதுக்குள்ள அவங்க எல்லாரும் வண்டி ஏறிப் போயிட்டாங்க. ராத்திரி சாப்பாடு வரல. மறுநாளும் வரல. மாத்திரைகூட வரல. பசிக்குதுன்னு சில பேர் அழுதாங்க. அப்புறம்தான் தபால்காரர் எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்தார். கேட்டு திறந்து கிடக்குதுன்னார்."

"அந்த ஆளு நிஜமாவே தபால்காரரா?"

"முன்னாடி. கடுதாசியை எல்லாம் கொடுக்காம வீட்லயே வச்சுக்கிட்டாராம், அதனால உள்ள வந்தார். இப்ப ஒரு நாளைக்கு நாலு பேரா விலாசம் கேட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கறார். கதவைத் திறக்காத வீடுன்னா ஆளைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடறார்."

"பாக்கிக் கடுதாசியைத் தீர்க்கறான் போல" என்றார் மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் மட்டும் சிரித்தாள்.

அவள் தூங்கப் போன பிறகு மாமனார் கடையிலிருந்த கத்தரிகளையும் பிளேடுகளையும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். மருமகள் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. கல்யாண நாள்கள் நெருங்கின ஒரு பருவத்தில், தைத்து முடித்து மாட்டி வைத்திருந்த உருப்படிகள் அத்தனையையும் நாத்தனார் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து பிரித்துப் போட்டுவிட்டாள். கிழிக்கவில்லை. தையலை மட்டும் பிரித்தாள். கை வேறு, கழுத்து வேறு, முதுகு வேறு என்று விடிந்தபோது எல்லாம் துண்டு துண்டாக அடுக்கியிருந்தது. அவளுடைய கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பும் அதில் இருந்தது. ஊரே கடை வாசலில் நின்று கத்தியது. அதற்கு முன்பே வாரக்கணக்கில் அவள் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை வீட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள், துணியைப் பிரித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கத்தரியை ஒளித்து வைத்துப் பிரயோஜனமில்லை. குளிர் ஏறின ஒரு காலையில் மாமனார் கோட்டைத் தேடினார். அவருடைய ஒரே பழுப்புக் கோட்டு. அது வெட்டுமேசையில் பதினாறோ பதினேழோ துண்டாகப் படுத்திருந்தது. பக்கத்தில் பிரித்த நூலெல்லாம் ஒரு சின்ன உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தது. நாத்தனார் கட்டைவிரல் நகத்தை வாயில் வைத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நகக்கண்ணில் ரத்தம்.

"சொன்னேனா இல்லையா" என்றார் மாமனார் மருமகளிடம். "ஆஸ்பத்திரியைத் திறக்கட்டும். முதல் ஆளா நான் கொண்டுபோய் விடறேன். கேட்டுக்கோ. அவளையும் கேட்டுக்கச் சொல்லு."

மருமகள் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கம் வெயிலிலும் உரசலிலும் வெளுத்து, முழங்கைப் பக்கம் பளபளத்துப்போயிருந்தது. உள்பக்கம் நேற்று வாங்கின துணிபோல இருந்தது. அந்த நிறத்தை அவள் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "உள்ளயே இருந்திருக்கு."

ஊரில் புதுத் துணி என்று ஒரு முழம் கிடையாது. ஆலையில் நெய்வதெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இதை அப்படியே உள்பக்கத்தை வெளியே வச்சுத் தைச்சா என்ன?"

"என்னவா? பாக்கெட்டு இடத்துலேர்ந்து வலத்துக்குப் போயிடும். காஜாவும் பட்டனும் பக்கம் மாறும். பழைய காஜாவை எவன் அடைப்பான்?"

"காஜா என் கை வேலைதானே. நான் அடைக்கறேன்."

"பொம்பளைக் கோட்டு மாதிரி இருக்கும்."

"குளிருக்குத் தெரியுமா ஆம்பளையா பொம்பளையான்னு."

மாமனார் சாக்கட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். குளிர் அப்படி. கோட்டு முடிந்ததும் போட்டுக்கொண்டு, வழக்கப்படி இடது மார்பில் கையை விட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அங்கே பாக்கெட் இல்லை. வலது பக்கம் இருந்தது.

தண்ணிக் குழாயில் வரிசையில் நிற்கப் போனபோது அந்தக் கோட்டை நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வர ஆரம்பித்தது. கோட்டு, பாவாடை, செத்துப்போன அப்பாவின் சட்டை, திரைச்சீலை. நாத்தனார் பிரிப்பாள், மருமகள் திருப்பி அடிப்பாள், மாமனார் இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டு குறை சொல்வார். காசுக்குப் பதில் சிலர் கரி கொடுத்தார்கள், சிலர் ரொட்டி.

"உங்க ஊர் ஆம்பளைங்களுக்கெல்லாம் இப்ப நெஞ்சு வலப்பக்கம் வந்துடுச்சு" என்றான் தபால்காரன். அவன் வாரத்துக்கொரு தரம் வந்துபோவான். கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பது அவன் வேலையாக இருந்தது. "பாலத்துப் பக்கத்து வீட்ல விட்டேனே ஒரு அம்மா, நாள் பூரா உரக்கப் பேசுவாங்க. இப்ப பதுங்குகுழியில ராத்திரி முழுக்கக் குழந்தைங்களுக்குக் கதை சொல்றாங்களாம். தூங்கவே மாட்டாங்களே, அதனால அவங்களை விட்டா ஆள் இல்லைங்கறாங்க. இன்னொருத்தர் கதவைத் திறக்கக்கூட மாட்டார், யாராவது வந்து திறக்கணும்னு நிப்பார். அவங்க வீட்டுக் கதவே குண்டுல போயிடுச்சு. இப்ப வெளிய உள்ள வெளிய உள்ளன்னு நடந்துக்கிட்டே இருக்கார்."

"உங்களுக்கு வீடு எங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"நான் கொண்டுபோறவன். எனக்கெதுக்கு விலாசம்?" என்றான்.

நாத்தனார் தனியாகக் குழாய்க்குப் போய் வந்தாள். கரி வாங்கப் போனாள். தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தாள். அந்த வருஷம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நடந்தார்கள். ஆகாயத்தில் சத்தம் கேட்டால் மற்றவர்கள் ஓடும்போது அவள் நின்று அண்ணாந்து பார்ப்பாள். "எனக்கு மட்டும் கேக்கலையே, எல்லாருக்கும்தானே கேக்குது?" என்று ஒரு தடவை அண்ணியிடம் கேட்டாள். ஆமாம் என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. மழை நடுவில் ஒரு சமயம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சு நின்றது. சாப்பாடு நின்றது. மருமகள் ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து விரலால் ஊட்டினாள். துப்பினாள். மறுபடி ஊட்டினாள். மாமனார் மாடிப்படியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிக்க வேண்டிய துணி மேசையில் மலையாக ஏறியது. தானே திரும்பினாள் ஒருநாள். ஒன்றும் நடக்காததுபோல ஒரு கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"கோபத்துலயா அன்னைக்கு அத்தனையையும் பிரிச்சே?" என்று மருமகள் அப்போதுதான் கேட்டாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நாத்தனார் வெகுநேரம் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கோபமில்ல. என்னோடதை மட்டும் பிரிச்சா தெரிஞ்சுடும்னு நினைச்சேன். அப்புறம் நிறுத்த முடியல." கொஞ்சம் பொறுத்து, "நிறுத்த முடியாததும் நிஜம் அண்ணி. அதையும் சொல்லிடணும்" என்றாள்.

சண்டை முடியப்போகிறது என்ற பேச்சு குழாயடி வரிசையில்தான் முதலில் வந்தது. முன்னால் நின்றவள் பின்னால் நின்றவளைக் கட்டிக்கொண்டாள். மருமகளும் சிரித்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான், இன்னும் ஒரு குளிர்காலம் சண்டை இருந்திருக்கலாம் என்று தான் நினைத்ததை அவள் கவனித்தாள். வாளியைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் எங்கோ ஒரு குழியில் ஈரத்தில் படுத்துக் கிடக்கிறான். கடிதம் வந்து எத்தனையோ நாளாயிற்று. அவன் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் கேட்டுக்கொண்டவள்தான். சண்டை முடிந்தால் அவன் வருவான், புதுத் துணி வரும், ஆஸ்பத்திரி திறக்கும். இந்த மூன்றும் ஒரே வண்டியில் வரும். ஒன்றை மட்டும் இறக்கிக்கொண்டு மற்றதை அனுப்ப முடியாது. தண்ணீர் அலம்பி அடங்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பீரங்கி நின்றபோது ஊர் காது அடைத்ததுபோல இருந்தது. ஆலையிலிருந்து முதல் துணிக்கட்டு வந்தது. மாமனார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"பூட்டியே வைங்கப்பா" என்றாள் நாத்தனார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

மருமகளுக்கு ஒரு யோசனை வந்தது. கோட்டு தைக்கும்போது முதலில் நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திக்கொண்டு, மெஷின் அடித்த பிறகு அந்த நூலைப் பிரித்து எடுப்பார்கள். அந்த வேலையை நாத்தனாரிடம் கொடுத்தாள். அவள் இரண்டு நூலை உருவிவிட்டுத் துணியை மடித்துத் திருப்பித் தந்தாள்.

"இது பிரிக்கறதுக்குன்னே போட்டது அண்ணி. குழந்தைக்குக் காட்டற பொம்மை மாதிரி இருக்கு. வேண்டாம்."

அந்த வாரம் தபால்காரன் வந்தவன் உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரியைத் திறந்துட்டாங்க. வார்டைப் பாத்துக்கறாங்களே வார்டம்மா, அவங்க வண்டி எடுத்துக்கிட்டு வீடு வீடா வர்றாங்க. நான் காட்டின வழியிலயே வர்றாங்க. விலாசம் கேட்டாங்க, சொல்லிட்டேன். விலாசத்தை மாத்திச் சொல்ல எனக்கு வராது. மன்னிச்சுக்கோங்க."

"நீங்க?"

"வண்டியில முன்னாடி உட்கார வச்சிருக்காங்க" என்றான், கொஞ்சம் பெருமையோடு.

வார்டம்மா மத்தியானம் வந்தாள். கனத்த உடம்பு, முட்டிவலி. யாரும் சொல்லாமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாமனார் இஸ்திரி மேசையருகே நின்றார். நாத்தனார் மூலையில் தரையில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய பாவாடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்களே வச்சுப் பாத்துக்கறோம்மா" என்றாள் மருமகள்.

"பாத்துக்கோங்க, யாரு வேணாம்னா. மனு கொடுங்க. பெரிய டாக்டர் பரிசோதிச்சு வெளிய விடுவார். ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும்."

"அவ இப்ப வெளியதானே இருக்கா?"

"கணக்குப்படி உள்ள இருக்கா. உள்ள வந்தாத்தானே வெளிய விட முடியும்?"

"வராம இருக்க வழியே இல்லையா?"

வார்டம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆள் செத்துப்போயிருந்தா கணக்குலேர்ந்து எடுத்துடுவோம். வேற வழி எனக்குத் தெரியல."

மூலையில் நூல் அறுபடுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ செத்துட்டா" என்றாள் மருமகள்.

"எப்போ?"

"பாலத்துல குண்டு போட்டாங்களே, அப்ப."

வார்டம்மா மூலையில் தெரிந்த முதுகைப் பார்த்தாள். வருஷக்கணக்காகத் தினமும் பார்த்த முதுகு. பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"மருமக சொன்னாச் செல்லாது. ரத்த சம்பந்தம் சொல்லணும்." மாமனார் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, நீங்கதானே கொண்டுவந்து சேர்த்தீங்க. பொண்ணு செத்துட்டாளா?"

மருமகள் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோலிருக்கும் என்று மேசையிலிருந்த சாக்கட்டியைப் பார்த்தாள். மாமனார் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தகட்டின் மேல் வைத்தார். அது அவர் கை நடுக்கத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டது. தெருவில் வண்டிக்குதிரை ஒன்று தும்மியது.

"நான்தான் மண்ணுக்குள்ள வச்சேன்" என்றார்.

"ஆஸ்பத்திரி அங்கி? அது ஆஸ்பத்திரி சொத்து."

"அதைப் பிரிச்சு லைனிங்குக்குப் போட்டாச்சு. அவளை என் கோட்டைப் போத்தித்தான் புதைச்சேன். பழுப்புக் கோட்டு. திருப்பித் தைச்சது. வலது பக்கம் பாக்கெட்டு."

சொன்ன பிறகுதான் அந்தக் கோட்டைத் தான் போட்டுக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கை மெதுவாக வலது மார்புக்குப் போய் பாக்கெட்டை மூடிக்கொண்டது.

வார்டம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல கோட்டு" என்றாள். "பாவம். நல்ல பொண்ணு." வாசல்வரை போய், திரும்பாமலே, "உடம்புக்கு வந்தா எங்ககிட்டக் கொண்டுவர முடியாது. யோசிச்சுக்கோங்க" என்றாள்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. நாத்தனார் பாவாடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நான் செத்துட்டேனா?"

"ஆமா."

"நான் பாலத்துப் பக்கம் போனதே இல்லையே."

"தெரியும்."

"அப்பா அழுதாரா?"

மாமனார் இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அழுதேன்னு அவகிட்டச் சொல்லு" என்றார்.

குளிர் முடிவதற்குள் அண்ணன்காரன் திரும்பி வந்தான், கால் விரல் இரண்டு இல்லாமல். விஷயத்தைச் சாப்பிடும்போது சொன்னார்கள். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, தங்கை சாப்பிட்டாளா என்று கேட்டான். தெருவில் அவளை மருமகளின் தூரத்துச் சொந்தம் என்று சொன்னார்கள். தெருக்காரர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும். திருப்பித் தைத்த கோட்டு அவர்கள் வீட்டிலும் இருந்தது. புதுத் துணியை அவள் இரண்டு தடவை பிரித்தாள். இரண்டு தடவையும் வீட்டில் உட்கார்ந்து மறுபடி தைத்தார்கள். ஒரு தடவை உடம்பு மிகவும் மோசமாகி, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மருமகளின் பெயரில் கொண்டுபோய், மருமகளின் பெயரிலேயே திருப்பி அழைத்து வந்தார்கள்.

மாமனார் செத்தபோது மகள் என்று முன்னால் நிற்க அவளால் முடியவில்லை. கூட்டத்தின் கடைசியில், தூரத்துச் சொந்தங்களோடு நின்றாள். வார்டம்மா ஓய்வு பெற்றுத் தங்கை வீட்டோடு போய்விட்டாள். பாலத்துப் பக்கத்து அம்மாவையும், கதவு போன வீட்டுக்காரரையும் வண்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா அடுத்த வருஷமே இறந்தாள். தபால்காரன் ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். அங்கே வார்டுக்கு வார்டு கடிதம் கொடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள் என்றும், ஒன்றைக்கூட அவன் வைத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்கிறார்கள். நாத்தனார் அண்ணனுக்குப் பிறகும் அண்ணிக்குப் பிறகும் இருந்தாள். அந்த வீட்டின் மாடியில், தன் கட்டிலில் செத்தாள்.